வக்கீல் பார்க்கப் போனோம்

எனக்கு மாப்பிள்ளை பார்க்க யாரும் எங்கேயும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருந்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அப்பா கடலுக்குப் போகிறவர், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்கா, என் அத்தை, கடலூருக்கு வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு என்னைவிட இரண்டு வயது மூத்த மகன் ஒருவன் இருந்தான். நானும் அவனும் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் மீன் முள் எடுத்துத் தின்று, ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்து வளர்ந்தோம். பத்தாவது முடித்ததும் நான் கடலூரில் அப்பாவிடம் வந்து, மேலே படித்து, கணக்கு டீச்சர் ஆனேன்.

சுனாமி அலை வந்து போன மறுவருடம், 2005-இல், எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் கல்யாண அவசரம். இருக்கிற பிள்ளைகளை இருக்கும்போதே சேர்த்து வைத்துவிட வேண்டும் என்று பெரியவர்களுக்கு ஒரு பயம். அத்தை மகன், மாமன் மகள். முறைக்கு முறையும் ஆச்சு, மகளாக வளர்த்தவளே மருமகளாகவும் ஆச்சு என்று அத்தைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எங்கள் இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த வருடத்தில் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எங்களுக்கு வந்திருக்காது.

அவன் சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்தான். அங்கேயே ஒரு வாடகை வீட்டில் இரண்டு வருடம் குடித்தனம் நடத்தினோம். குடித்தனம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கேரம் ஆடினோம். டி.வி. ரிமோட்டுக்குச் சண்டை போட்டோம். கடைசி வறுவல் துண்டு யாருக்கு என்று காசு சுண்டிப் பார்த்தோம். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை, நடத்த இரண்டு பேராலும் முடியவில்லை. ரீசார்ஜ் செய்ய வரும் ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போனபோது, அதை அவன் முதலில் சொன்னது என்னிடம்தான். எனக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. “டேய், பொண்ணு நல்லாத்தான் இருக்கா” என்றுகூடச் சொன்னேன். ஆனால் இதை அத்தையிடம் யார் சொல்வது?

சொல்லாமலே நான் கடலூருக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன். வேலைக்காக என்று ஊருக்குச் சொன்னோம். ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. இந்தக் கல்யாணம் போனால் போகட்டும், ஆனால் இதோடு அத்தை போய்விடக் கூடாது. எனக்கு அம்மா என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். விவாகரத்து என்று வந்துவிட்டால் மாமியார் எதிர்ப்பார்ட்டி ஆகிவிடுவாள் என்றுதான் உலகம் சொல்கிறது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் அத்தை தானே கடலூருக்கு வந்து, அப்பா முன்னால் என்னை உட்காரவைத்துக் கேட்டாள். மகனிடமிருந்து பாதி விஷயத்தை அவள் ஏற்கெனவே கறந்துவிட்டிருந்தாள். நான் அழுதுகொண்டே மீதிப் பாதியைச் சொன்னேன். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அத்தை கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“நான்தானடி கட்டி வெச்சேன். நானே அவுத்து வுட்டுட்டுப் போறேன். அதுக்கு ஏன் இப்படி அழுவுற?” என்றாள்.

ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகலாம் என்று அப்பா சொன்னார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. “அங்க போனா எதுக்கு எதுக்குன்னு நாலு பேரு கேப்பான். கேரம் ஆடுனாங்கன்னு சொல்ல முடியுமா? பேப்பரா வாங்குவோம். அவனும் நாளைக்கு இன்னொருத்திய கட்டணும், இவளுக்கும் வயசு இருக்கு.” பேப்பர் என்றால் கோர்ட். கோர்ட் என்றால் வக்கீல். எங்கள் இரண்டு வீட்டிலும் அதுவரை யாரும் வக்கீல் வீட்டு வாசல் ஏறியதில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, பெண் பார்க்கப் போகிற மாதிரி போய்ப் பார்ப்பது. அப்படியே போனோம்.

வெள்ளிக்கிழமை, நல்ல நேரம். அப்பா வெள்ளை வேட்டி கட்டினார். அத்தை என் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையையே உடுத்திக்கொண்டாள். என் கல்யாணத்துக்கு வாங்கிய பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய். வெறுங்கையோடு ஒரு பெரிய மனுஷர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அப்பாவின் கொள்கை. நான் பூ வைத்துக்கொள்ள மறுத்துவிட்டேன், அவ்வளவுதான் என் எதிர்ப்பு.

முதல் வக்கீல் கடலூரிலேயே மஞ்சக்குப்பத்தில், கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தார். கிரிமினலில் பெரிய கை. அவர் குரலைக் கேட்டே எதிர்ப்பார்ட்டி சமாதானத்துக்கு வந்துவிடுவான் என்று அப்பாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். உண்மைதான். எங்களுக்கே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. குமாஸ்தா பக்கத்தில் பேனாவோடு தயாராக நின்றார்.

“அடிப்பானா?” என்றார் வக்கீல்.

“இல்லீங்க சார்.”

“குடிப்பானா?”

“டீ குடிப்பான் சார். ஜாஸ்தியாவே குடிப்பான்.”

அவருக்கு என்மேல் வருத்தம் வந்துவிட்டது. கேஸுக்கு இந்தப் பெண் ஒரு உதவியும் செய்ய மாட்டேன் என்கிறதே என்று பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “கவலப்படாதீங்க. புருஷன் சாதுன்னா என்ன, மாமியார் இருக்கால்ல? மொதல்ல மாமியார்க்காரிய உள்ள தள்ளணும். அப்பத்தான் மகன் வழிக்கு வருவான்” என்றார்.

அத்தையை என் அம்மா என்று நினைத்திருக்கிறார். நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அப்பா தலைக்குமேல் சுற்றிய மின்விசிறியை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“ரொம்ப நாளு உள்ள வெப்பாங்களா சார்?” என்று கேட்டாள் அத்தை.

“நீங்க பயப்படாதீங்கம்மா. பொண்ணப் பெத்தவுங்க நீங்க. கொடுமக்காரியா அவ?”

“அதையேன் கேக்குறீங்க. வாய் ஜாஸ்தி. காலங்காத்தால எழுப்பி வுட்டுடுவா.”

“பேரு என்ன?”

அத்தை தன் பெயரைச் சொன்னாள். வீட்டு விலாசத்தைச் சொன்னாள். எந்தக் கோயிலுக்கு எதிரில், எந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் என்பது வரை சொன்னாள். குமாஸ்தா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். “தள்ளுறதா இருந்தா மழைக்கு முன்ன தள்ளிடுங்க சார். அவ கருவாடு போடுறவ, மழைநாளுன்னா சும்மாதான் இருப்பா, உள்ள சோறு போட்டா சந்தோஷமா இருந்துக்குவா” என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை அழுகை என்று நினைத்து வக்கீல் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

கிளம்பும்போது அப்பா எழுந்து நின்று, தட்டை இரண்டு கையாலும் நீட்டி, “நல்லபடியா முடிச்சுக் குடுங்க சார்” என்றார். வேறு எதையும் நினைத்து அல்ல. யாரைப் பார்க்கப் போனாலும் விடைபெறும்போது அவர் வாயில் வருவது அதுதான். குமாஸ்தா எல்லாவற்றையும் தட்டோடு உள்ளே கொண்டுபோனார். தட்டைத் திருப்பிக் கேட்க அப்பாவுக்குக் கூச்சம். “போய்ட்டு சொல்லி அனுப்புறோம்” என்று மெல்லச் சொல்லிவிட்டு வந்தோம். பஸ் ஸ்டாண்டு வரை அத்தையும் நானும் சிரித்துக்கொண்டே நடந்தோம். அப்பா மட்டும் பத்தடி முன்னால், எங்களைத் தெரியாதவர் போல நடந்தார்.

இரண்டாவது வக்கீல் நெல்லிக்குப்பத்தில். அப்பாவின் நண்பருக்கு ஒரு வரப்புத் தகராறில் ஜெயித்துக் கொடுத்தவர். கரும்பு வண்டிகள் வரிசையில் நிற்கிற ரோட்டில், ஆலை வாசனைக்கு நடுவே அவருடைய ஆபீஸ். இந்த முறை எவர்சில்வர் தட்டு. அவர் முதல் காரியமாக ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு கதையைக் கேட்டார். இந்த முறை நாங்களும் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டோம். சொத்து உண்டா, பாகம் உண்டா, யார் அனுபவத்தில் இருக்கிறது என்று விசாரித்தார். ஒரு கேரம் போர்டுதான் இருக்கிறது, அது அவனிடம் இருக்கிறது என்றேன்.

பழத்தோலை ஓரமாக வைத்துவிட்டு மனுஷர் சிரித்தார். “ஐயா, எனக்குத் தெரிஞ்சது நெலம். வரப்பு எங்க போவுது, வாய்க்கா எங்க போவுதுன்னு கேளுங்க, சொல்றேன். புருஷன் பொண்டாட்டி நடுவுல வரப்பு போட எனக்கு வராது. சிதம்பரத்துல ஒரு அம்மா இருக்காங்க, குடும்பக் கேஸ் மட்டுந்தான் பாப்பாங்க. அவுங்களப் பாருங்க.” தனக்குத் தெரியாது என்று சொன்ன அந்த வக்கீலை எங்கள் மூன்று பேருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. அத்தை இரண்டு பழத்தை எடுத்து அவர் மேஜையில் கூடுதலாக வைத்தாள்.

சிதம்பரத்து வக்கீலம்மாவின் ஆபீஸ் மேலவீதிப் பக்கம் ஒரு சந்தில், வீட்டு முன்னறையில். அவனையும் கடையைப் பூட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தோம். அப்பா தட்டை நீட்டினார். அந்த அம்மா வாங்கவில்லை. “இது எதுக்குங்க? மொதல்ல பேசுவோம். புடிச்சா வாங்கிக்கிறேன்” என்றார். பிறகு அப்பாவையும் அத்தையையும் பார்த்து, “எதிர்ல காப்பி நல்லா இருக்கும், ஆளுக்கு ஒண்ணு குடிச்சிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். பெரியவர்களை வெளியே அனுப்பும் வக்கீலை அப்போதுதான் பார்த்தேன்.

என்னைப் பார்த்துக் கேட்டார். “உங்களுக்கு என்ன வேணும்?”

கேள்வி புரியாமல் முழித்தேன். இரண்டு வக்கீல்களும் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், யார் பேரில் என்ன இருக்கிறது என்றெல்லாம் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. அவன் பக்கத்திலிருந்து முழங்கையால் இடித்தான். “சொல்லு.”

“எனக்கு அத்தை வேணும்” என்றேன். சொன்னதும் ஓவென்று அழுதுவிட்டேன்.

“அவ எப்பவும் இப்படித்தான் மேடம். எங்கம்மாவ சின்ன வயசுலேர்ந்தே புடுங்கிக்கிட்டா” என்றான் அவன். அவன் குரலும் சரியாக இல்லை.

அந்த அம்மா என் பக்கம் தண்ணீரை நகர்த்தினார். “அத்தையக் குடுக்குறதுக்குச் சட்டத்துல ஒரு செக்‌ஷனும் இல்ல. ஆனா அத்தையத் தொடாம முடிக்கலாம்” என்றார். இருவரும் ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்து இருக்கிறோம், இருவருக்கும் சம்மதம், ஆகவே சேர்ந்தே மனு போடலாம். யார்மேலும் யாரும் குற்றம் எழுத வேண்டாம். அதற்குப் பிறகு ஆறு மாதம் பொறுத்திருந்து வர வேண்டும், அந்த ஆறு மாதத்தில் மனசு மாறினாலும் மாறலாம் என்று விளக்கினார். “மாறாது மேடம்” என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம். அவனுக்கென்று தனியாக ஒரு வக்கீல் இருப்பது நல்லது என்றார். நெல்லிக்குப்பத்தார் ஞாபகம் எனக்கு வந்தது. கையெழுத்துப் போடுவதோடு சரியென்றால் வருகிறேன் என்று அவரும் பிறகு சம்மதித்தார். அன்றைக்கு அப்பா காப்பி குடித்துவிட்டு வந்ததும் தட்டு கைமாறியது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் அத்தையின் செருப்பு. உள்ளே அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு நீளக் கவர். மஞ்சக்குப்பத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். அப்பா இரண்டு கையால் தட்டு கொடுத்து, நல்லபடியாக முடித்துக் கொடுங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்ததை, கேஸைக் கொடுத்துவிட்டார்கள் என்றே அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரிலும் அதற்கு அர்த்தம் அதுதானே.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் கொடுத்ததை, கடையிலிருந்து வந்த மகன்தான் படித்துக் காட்டியிருக்கிறான். அத்தை ஃபிரிட்ஜ் கேட்டாளாம். மோட்டார் பைக் கேட்டாளாம். சோறு போடாமல் என்னை வெளியே நிறுத்தினாளாம். நான் அதை வாங்கி வரிவரியாகப் படித்தேன். வக்கீல் ஆபீஸில் அவள் விளையாட்டுக்குத் தன் பெயரைச் சொன்னது வேறு, அதே பெயரை இப்படி அச்சடித்த தாளில் தபால்காரர் கையிலிருந்து வாங்குவது வேறு. சோறு போடாமல் என்ற இடத்தில் எனக்கு எழுத்தே தெரியவில்லை.

அத்தை என் முகத்தையே பார்த்தாள்.

“இது நீ சொன்னதா?”

“இல்ல அத்த.”

“அப்பச் சரி. பசிக்குது, சோறு போடு.”

அவ்வளவுதான். என் வாழ்க்கையில் யாரும் என்னை அத்தனை சீக்கிரம் நம்பியதில்லை. ரசம் சாதம் பிசைந்து நான்தான் ஊட்டினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டே ஊட்டினேன். “உப்பு ஜாஸ்தி” என்றாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பழைய அத்தை திரும்பி வந்தாள். “எங்க ஊட்டுல கரண்டு வர்ற லட்சணத்துக்கு நான் ஃபிரிட்ஜ் கேட்டேனாமா? நல்லாக் கண்டுபுடிச்சான்.”

வந்தது அடுத்த சிக்கல். அப்பா தட்டைத் திருப்பி வாங்கமாட்டேன் என்றார். தாம்பூலம் கொடுத்தது கொடுத்ததுதான், வாக்கு வாக்குதான், எந்த முகத்தோடு போய் வேண்டாம் என்பது, வேண்டுமானால் இரண்டு வக்கீலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அப்பாவை வாதத்தில் ஜெயிக்க அத்தையால் மட்டும்தான் முடியும்.

“தம்பி, தாம்பூலம் மாத்துன பொறவு தட்டு திரும்பினது நம்ம ஊர்ல இல்லியா? பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா திருப்பலாம். அதுல யாருக்கும் அவமானம் இல்ல. கெளம்பு.”

மறுபடியும் வெள்ளை வேட்டி, மறுபடியும் பட்டுப்புடவை, வேறொரு தட்டில் புது வெற்றிலை பாக்கு. மஞ்சக்குப்பத்து ஆபீஸில் போய் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். வக்கீல், “நோட்டீஸ் போயிடுச்சு, பதில் வரட்டும், வெச்சுக்கறேன்” என்று உற்சாகமாக ஆரம்பித்தார்.

“பதில்தான் சார் வந்திருக்கு” என்றாள் அத்தை. “நீங்க உள்ள தள்ளணும்னு சொன்ன மாமியார்க்காரி நான்தான்.”

அந்தப் பெரிய குரல் அடங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா சுவரைப் பார்த்தார். “ஏம்மா, என் சர்வீஸ்ல மாமியாரே வந்து பேரு, அட்ரஸ் குடுத்துட்டுப் போன கேஸ் இது ஒண்ணுதாம்மா” என்றார்.

“தப்பு எங்களோடதுதான் சார். தட்டு குடுத்துட்டோம். ஆனா பொண்ணுக்கிட்ட கேக்கல.” அத்தை என் பக்கம் திரும்பினாள். அப்பா, வக்கீல், குமாஸ்தா, அறையில் காத்திருந்த வேறு கட்சிக்காரர்கள், எல்லோர் முன்னாலும் கேட்டாள். “சொல்லுடி. உனக்கு இஷ்டமா, இல்லியா?”

கேட்டது வக்கீலைப் பற்றித்தான். ஆனால் அத்தையின் கண் அதை மட்டும் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்காமல் விட்டதையும் சேர்த்துத்தான் கேட்டாள்.

“இஷ்டமில்ல அத்த.”

“கேட்டுக்கிட்டீங்களா சார்?”

மனுஷர் எழுந்து நின்று புதுத் தட்டை வாங்கிக்கொண்டார். நோட்டீஸை வாபஸ் வாங்கி எழுதிவிடுகிறேன் என்றார், சொன்னபடி செய்தார். உள்ளேயிருந்து எங்கள் பித்தளைத் தட்டும் திரும்பி வந்தது. குமாஸ்தா அதைத் தேய்த்து வைத்திருந்தார். படியிறங்கும்போது வக்கீல் பின்னாலிருந்து கூப்பிட்டு, “அம்மா, எப்பவாவது சாட்சி சொல்ல ஆளு வேணும்னா சொல்லி அனுப்புறேன், வாங்க” என்றார். அப்பா அன்றைக்கு எங்களோடு சேர்ந்தே நடந்தார். சிரித்தும் விட்டார்.

2009-இல் சிதம்பரம் கோர்ட்டில் கடைசி நாள். வக்கீலம்மா என் பக்கம், நெல்லிக்குப்பத்தார் அவன் பக்கம். நெல்லிக்குப்பத்தார் வரும்போதே ஒரு கட்டு கரும்போடு வந்திருந்தார். நீதிபதி இருவரிடமும் சம்மதமா என்று கேட்டார், சம்மதம் என்றோம். கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருக்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். “நீங்க யார் கூட வந்திருக்கீங்க?” என்று என்னிடம் கேட்டார்.

“எங்க அத்தை கூடங்க ஐயா.” பின்னாலிருந்து அத்தை எழுந்து நின்று கும்பிட்டாள்.

“நீங்க?” என்று அவனிடம் கேட்டார்.

“எங்க அம்மா கூடங்க ஐயா.” உட்கார்ந்துவிட்ட அத்தை மறுபடியும் எழுந்து நின்று கும்பிட்டாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் பார்த்தார். வக்கீலம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து மரத்தடியில் எல்லோரும் கரும்பு கடித்தோம். தாலியை அத்தையே வாங்கிக்கொண்டாள். அடுத்த பொங்கலுக்கு அது எனக்கு இரண்டு கம்மலாக வந்தது. இதை எழுதும்போதும் என் காதில் இருக்கிறது.

அவன் மறுவருடம் அந்த ரீசார்ஜ் பெண்ணையே கட்டிக்கொண்டான். கல்யாணத்தில் பந்தி விசாரித்தது நான். அத்தையும் எங்கேயும் போய்விடவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை கருவாட்டுப் பையோடு கடலூருக்கு வந்து, என் ரசத்தில் உப்பு பார்த்துவிட்டுப் போனாள்.

2012-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குடும்பத்தோடு கடலூருக்கு வந்தான். மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது, பார்க்கிற எல்லோரையும் ஏதாவது சொல்லிக் கூப்பிட அதற்கு ஆசை. என் முன்னால் வந்து நின்று, என்ன கூப்பிடுவது என்று பெரியவர்களைப் பார்த்தது. அப்பா தொண்டையைச் செருமினார். “மாமன் பொண்ணு. மொறப்படி பாத்தா சித்தி” என்றார்.

அத்தை கருவாட்டுப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள். “என்னா சித்தி? அவங்கூட ஒண்ணா வளந்தவ, அவன் தங்கச்சி. நான் பெத்த ரெண்டையும் நானே மொற மாத்திக் கட்டி வெச்சேன், இப்ப சரியாயிடுச்சு. அத்தன்னு கூப்புடுடி தங்கம்.”

“அத்த” என்றது குழந்தை.

அந்த வார்த்தையை நான் அதுவரை கூப்பிடத்தான் பழகியிருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறை, “என்னம்மா?” என்று அதற்குப் பதில் சொன்னேன்.